யூரியாவைக் குறைக்க நானோ பாட்டிலா, மெல்லக் கரையும் உரமா? சம்பா நடவுக்கு முன் ஒரு கேள்வி

தாளடித்தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருவாரூர் பக்கம் எங்கள் ஊர். மொத்தம் ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். அப்பாவுக்கு முட்டி வலி வந்ததிலிருந்து போன வருடம் முதல் நான்தான் பார்க்கிறேன். சம்பாவுக்கு வெள்ளைப் பொன்னி. அப்பாவின் கணக்கு எளிமையானது: ஏக்கருக்கு அடியுரமாக நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்ந்த டிஏபி உரம் ஒரு மூட்டை, அப்புறம் மூன்று தடவை மேலுரம், தடவைக்கு ஒரு மூட்டை யூரியா. பயிர் கரும்பச்சையாக நின்றால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

போன வருடம் அப்படித்தான் நின்றது. கார்த்திகை மழையில் பாதி சாய்ந்தது. கழுத்துக் குலைநோயும் வந்தது. யூரியா அதிகம் என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள்.

இந்த வருடம் யூரியா வாங்கப் போனால் கடையில் இரண்டு மூட்டைக்கு ஒரு நானோ யூரியா பாட்டில் கட்டாயம் என்றார்கள். வாங்காமல் வர முடியவில்லை. பரணில் இப்போது நாலு பாட்டில் இருக்கிறது. இதற்கிடையில் இலங்கை விஞ்ஞானிகள் நானோ உரம் ஒன்றைக் கண்டுபிடித்து நெல்லுக்குப் பாதி யூரியா போதும் என்று காட்டியதாகப் படித்தேன். அதுவும் என் பரணில் இருப்பதும் ஒன்றா? ஒரு பாட்டில் ஒரு மூட்டைக்குச் சமம் என்கிறார்களே, நம்பி ஒரு மேலுரத்தை நிறுத்தலாமா?

---

கணக்கப்பிள்ளை எழுதியது:

தம்பி, உரக்கடையில் பத்து வருடம் கணக்கு எழுதியவன் நான். கடைக்காரரை மட்டும் திட்டாதீர்கள், அவருக்கும் மேலிருந்து பாட்டிலைத் தள்ளித்தான் மூட்டை வருகிறது.

கணக்கை மட்டும் சொல்கிறேன். ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். ஆக 20.7 கிலோ. 2021-ல் வந்த முதல் நானோ யூரியா 500 மில்லி பாட்டிலில் 4 சதவீதம். ஆக 20 கிராம். திரும்பவும் படியுங்கள்: அங்கே கிலோ, இங்கே கிராம். பிறகு வந்த 'பிளஸ்' பாட்டிலில் சத்தைக் கூட்டியிருக்கிறார்கள். அதைக் கணக்கில் எடுத்தாலும் நூறு கிராம் அளவுதான்.

விலை? மூட்டை 266 ரூபாய் 50 காசு. பாட்டில் 225.

---

மண்ணியல் மாணவி எழுதியது:

தாளடித்தம்பி, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. ஏனென்றால் 'நானோ' என்ற ஒரே வார்த்தை இரண்டு வேறு சரக்குகளின் மேல் ஒட்டியிருக்கிறது. ஒன்று இலையில் தெளிப்பது. இன்னொன்று மண்ணில் போட்டு மெல்லக் கரைய வைப்பது. இரண்டையும் பிரித்துப் பார்க்க, யூரியா நம் வயலில் எங்கே காணாமல் போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

தேங்கிய தண்ணீரில் யூரியாவை வீசினால் சில நிமிடத்தில் கரைந்துவிடும். மண்ணிலும் நீரிலும் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி அதை இரண்டு நாலு நாளில் அம்மோனியமாக மாற்றும். நெல்லுக்கு அம்மோனியம் பிடிக்கும். ஆனால் நடவு ஆன புதிதில் வேர் சின்னது, வயல் முழுக்க வெயில். நீரில் இருக்கும் பாசி பகலில் கரியமில வாயுவை உறிஞ்சும்போது நீரின் காரநிலை ஏறும். உச்சி வெயிலில் வயல்நீரை அளந்தால் பி.எச். 9-ஐத் தொடும். அந்த நிலையில் அம்மோனியம் அம்மோனியா வாயுவாகிக் காற்றோடு போகும். யூரியா போட்ட மறுநாள் வரப்பில் நடந்தால் சில சமயம் மூக்கில் உறைக்குமே, அதுதான் உங்கள் காசு.

தப்பியது முழுவதும் பயிருக்கு என்றும் இல்லை. சேற்றின் மேல்தோலில் சில மில்லிமீட்டருக்கு மட்டும் பிராணவாயு உண்டு. அங்கே அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட் கொஞ்சம் கீழே இறங்கினால் பிராணவாயு இல்லாத சேறு. அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அதை உடைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியே விடும். ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும். அது நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். வயலை மாறி மாறிக் காயவிட்டு நிரப்பினால் இந்த வழி இன்னும் அகலமாகும்.

இவ்வளவும் போக, நெல் எடுப்பது போட்டதில் மூன்றில் ஒரு பங்கு, நல்ல வயலில் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெல்லக் கரையும் உரத்தின் எண்ணம் இந்த ஓட்டையை அடைப்பது. ஒரே நாளில் கொட்டாமல், வேர் கேட்கிற வேகத்துக்குச் சத்தை விட்டால் காற்றுக்கும் சேற்றுக்கும் போவது குறையும். நீங்கள் படித்த இலங்கைக் கண்டுபிடிப்பு இந்த வகை. 2017-ல் 'ஏசிஎஸ் நானோ' ஆய்விதழில் வந்தது. நில்வலா கோட்டேகொட முதல் ஆசிரியர். ஸ்லின்டெக் என்ற இலங்கை நானோ தொழில்நுட்ப நிறுவனத்தில் செய்த வேலை. எலும்பிலும் பல்லிலும் இருக்கிற அதே கால்சியம் பாஸ்பேட் தாதுவை, ஹைட்ராக்சிஅபடைட் என்பார்கள், நானோ துகளாக்கி, ஒரு பங்கு தாதுவுக்கு ஆறு பங்கு யூரியாவைப் பிணைத்தார்கள். தண்ணீரில் சாதா யூரியாவைவிட 12 மடங்கு மெதுவாகக் கரைந்தது. நெல் வயலில் பாதி யூரியாவோடு விளைச்சல் குறையாமல் வந்தது.

உங்கள் பரணில் இருப்பது இது இல்லை. அது இலைக்கான திரவம்.

---

வன்னிக் கமக்காரன் எழுதியது:

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன், இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறோம். தங்கச்சி சொன்னது சரி. அந்தக் கண்டுபிடிப்பு எங்கள் நாட்டில் நடந்தது என்று பேப்பரில் படித்துப் பெருமைப்பட்டதுதான் மிச்சம். எங்கள் வயலுக்கு ஒரு அந்தர் மூட்டைகூட வந்து சேரவில்லை. வந்தது மற்றது.

2021 மே மாதம் வர்த்தமானி போட்டு இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். பெரும்போக விதைப்புக்கு யூரியா இல்லை. பயிர் மஞ்சளடித்துப்போய் நிற்கிற நேரம், நவம்பரில், இந்திய விமானப்படை விமானத்தில் 100 தொன் நானோ நைட்ரஜன் திரவம் வந்து இறங்கியது. போத்தலைக் கொண்டுவந்து பசளைக்குப் பதிலாக அடியுங்கள் என்றார்கள். கவனியுங்கள், யூரியாவோடு சேர்த்து இல்லை, யூரியாவுக்குப் பதிலாக. நானும் அடித்தேன். இலை இரண்டு நாள் பச்சை காட்டினது போல ஒரு மயக்கம். பேந்து பழையபடி மஞ்சள். அந்த மாதக் கடைசியிலேயே தடையை எடுத்தார்கள், ஆனால் பயிருக்கு அந்தக் காலம் போய்விட்டது. அடுத்த வருடம் யூரியா மூட்டை கறுப்புச் சந்தையில் 40,000 ரூபாய் வரைக்கும் போனது. பிறகு இந்தியக் கடன் உதவியில் வந்த யூரியாவை 10,000-க்குத் தந்தார்கள்.

நான் திரவத்தைக் குறை சொல்ல எழுதவில்லை. பட்டினியில் கிடந்த பயிருக்கு ஒரு மேசைக்கரண்டி தேன் கொடுத்த கதை அது. யாரும் தேனைக் குற்றம் சொல்ல ஏலாது. ஆனால் 'பதிலாக' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இப்பவும் வயிறு கலங்கும். தம்பி, யாராவது ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று என்று சொன்னால் நின்று எடை போட்டுப் பாருங்கள்.

---

பட்டுக்கோட்டை பாபு எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கமாக அடிக்கிறீர்கள். நான் இரண்டு வருடமாக நானோ யூரியா தெளிக்கிறேன். தூர் கட்டும்போது ஒன்று, கதிர் வெளிவருவதற்கு முன்னால் ஒன்று. ஒரு மூட்டை யூரியாவை நிறுத்திவிட்டேன். விளைச்சல் குறையவே இல்லை. சாயவும் இல்லை, பூச்சியும் குறைவு. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் மூலம் நடந்த சோதனைகளில் 3 முதல் 8 சதவீதம் விளைச்சல் கூடியது என்று அரசே சொல்லியிருக்கிறதே? கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்பது?

---

கணக்கப்பிள்ளை எழுதியது:

பாபு சார், கோபப்படாமல் ஒன்று சொல்லுங்கள். நிறுத்துவதற்கு முன் ஏக்கருக்கு எத்தனை மூட்டை போட்டீர்கள்?

---

பட்டுக்கோட்டை பாபு எழுதியது:

மூன்றரை.

---

மண்ணியல் மாணவி எழுதியது:

பாபு சார், நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை. பயிர் நன்றாக இருந்தது, செலவு குறைந்தது, எல்லாம் நிஜம். கேள்வி ஒன்றுதான்: அது பாட்டிலால் நடந்ததா, ஒரு மூட்டையை நிறுத்தியதால் நடந்ததா? மூன்றரை மூட்டையில் ஒன்றை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரைத் தெளித்திருந்தாலும் இதே விளைச்சல் வந்திருக்கலாம். பூச்சி குறைந்ததும் சாயாததும் தழைச்சத்து குறைந்ததன் அடையாளம்தான்.

விவசாயிகளின் வயல்களில் வைக்கும் செயல்விளக்கத் திடல்களில் பெரும்பாலும் இரண்டு பாத்திதான் இருக்கும். ஒன்றில் விவசாயி வழக்கம், மற்றதில் குறைத்த யூரியாவும் பாட்டிலும். மூன்றாவது பாத்தி, அதாவது குறைத்த யூரியா மட்டும், அங்கே இருக்காது. அது இல்லாமல் பாட்டிலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

எதிர்ப்பக்கமும் சொல்கிறேன். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் இரண்டு வருடம் செய்த சோதனையில், பரிந்துரைத்த அளவு யூரியா போட்ட வயலைவிட நானோ யூரியா வயலில் நெல் 13 சதவீதமும் கோதுமை 21.6 சதவீதமும் குறைந்தது. அரிசியின் புரதமும் குறைந்தது. அங்கே ஒப்பிட்டது சரியான அளவோடு, அளவுக்கு மீறிப் போட்டதோடு அல்ல. தயாரித்த நிறுவனம் அந்த முடிவை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2023-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் இருவர் 'பிளான்ட் அண்ட் சாயில்' இதழில் இந்தக் கிலோ, கிராம் கணக்கையே கேள்வியாக வைத்தார்கள்.

இன்னொரு கணக்கு, இது என்னுடையது. நெல்லில் தழைச்சத்து நூற்றுக்கு ஒன்று, ஒன்றே கால் பங்கு இருக்கும். 20 கிராம் தழைச்சத்து என்பது கிட்டத்தட்ட இரண்டு கிலோ நெல்லுக்குள் இருப்பது. ஒரு சொட்டுகூட வீணாகாமல் பயிர் எடுத்துக்கொண்டாலும் அவ்வளவுதான்.

---

கணக்கப்பிள்ளை எழுதியது:

இலையில்தான் தெளிக்க வேண்டும் என்றால் பழைய வழி ஒன்று உண்டே. நூறு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிலோ யூரியா, 2 சதவீதக் கரைசல். அதில் 920 கிராம் தழைச்சத்து. அந்த நாலு சதவீதப் பாட்டிலைப் போல 46 மடங்கு. செலவு பன்னிரண்டு ரூபாய்.

---

பட்டுக்கோட்டை பாபு எழுதியது:

சரி, அடுத்த தடவை ஒரு பாத்தியில் பாட்டில் இல்லாமல் பார்க்கிறேன். ஆனால் ஒன்று: பாட்டில் வராமல் இருந்திருந்தால் அந்த ஒரு மூட்டையை நிறுத்தும் தைரியம் எனக்கு வந்திருக்காது. அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் கணக்கப்பிள்ளை.

---

கணக்கப்பிள்ளை எழுதியது:

எழுதிக்கொண்டேன் :)

---

வேலிக்காரர் எழுதியது:

எனக்கு எழுபத்திரண்டு வயது. இதையெல்லாம் நாங்கள் நானோ என்று பெயர் தெரியாமலே செய்தோம். எண்பதுகளில் விரிவாக்க அலுவலர் வந்து சொல்லிக் கொடுத்தது: நூறு கிலோ யூரியா, ஒரு கிலோ தார், ஒன்றரை லிட்டர் மண்ணெண்ணெய், இருபது கிலோ வேப்பம் புண்ணாக்குத் தூள். தாரை மண்ணெண்ணெயில் இளக்கி யூரியாவில் புரட்டி, அதன்மேல் புண்ணாக்கைத் தூவ வேண்டும். கை இரண்டு நாள் தார் வாடை அடிக்கும், வீட்டில் சோறு போட மாட்டார்கள். ஆனால் பயிர் ஒரே நாளில் கறுக்காது, பதினைந்து இருபது நாள் ஒரே பச்சையாக நிற்கும்.

தார் வேண்டாம் என்றால் யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நாலு பங்கு, வேப்பம் புண்ணாக்கு ஒரு பங்கு. கலந்து ஒரு நாள் மூட்டம் போட்டு வைத்து, தண்ணீரை வடித்துவிட்டு வீச வேண்டும். வேளாண் பல்கலைக்கழகம் இன்றைக்கும் இதைச் சொல்கிறது. கலக்கத்தான் ஆள் இல்லை.

இப்போது வருகிற யூரியா எல்லாமே வேப்பெண்ணெய் பூசியதுதானே என்பீர்கள். 2015-லிருந்து முழுவதும் அப்படித்தான். அதில் பாதி நோக்கம் யூரியா பிளைவுட் பசைக்கும் மற்றதற்கும் போவதைத் தடுப்பது. பூச்சு மெல்லிசு. நாங்கள் போட்ட புண்ணாக்கின் கனம் அதில் வராது.

அப்புறம் தம்பி, வெள்ளைப் பொன்னிக்கு மூன்று மூட்டை என்று எழுதியிருந்தாயே. அதைப் படித்ததும்தான் நான் கண்ணாடியைத் தேடினேன். பொன்னி என்ன, கலப்பின நெல்லா?

---

மண்ணியல் மாணவி எழுதியது:

ஐயா சொன்னதைத்தான் நானும் எழுத வந்தேன், கூட்டிக் காட்டுகிறேன். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை மத்திய, நீண்டகால ரகங்களுக்கு எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. கலப்பினத்துக்கு 175. ஆனால் மேம்படுத்திய வெள்ளைப் பொன்னி போலத் தழைச்சத்துக்குக் குறைவாக அசைந்து கொடுக்கும் ரகத்துக்கு 75 மட்டும். தண்டு உயரமானது, அதிகம் போட்டால் விளைச்சலாக மாறாமல் சாய்வாக மாறும்.

தாளடித்தம்பியின் அப்பா போடுவது: மூன்று மூட்டை யூரியாவில் 62 கிலோ, ஒரு மூட்டை டிஏபியில் 9 கிலோ, ஏக்கருக்கு 71. எக்டேருக்கு 175! கலப்பின நெல்லுக்கான அளவு பொன்னிக்குப் போகிறது. தேவை ஏக்கருக்கு 30. டிஏபியின் 9-ஐக் கழித்தால் 21. அது ஒரே ஒரு மூட்டை யூரியா.

ஆகவே, நானோவோ நானோ இல்லையோ, எதுவும் வாங்காமலே மூன்று மூட்டையை ஒன்றாக்கலாம் என்று பரிந்துரையே சொல்கிறது.

---

தாளடித்தம்பி எழுதியது:

இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒன்பது மா நிலம் இருக்கா?" என்று கேட்டார். ஒரே மூட்டை என்றால் வீட்டில் சண்டை வரும். நடுவே வேறு வழி இல்லையா? மண்ணில் போடுகிற மெல்லக் கரையும் உரம் எதுவுமே கடையில் கிடைக்காதா?

---

நிகாட்டா நெல் எழுதியது:

நான் ஜப்பானில் வேலை செய்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர் நெல் விவசாயி. அவர் நாற்று நடும்போதே ஒரே தடவை உரம் போடுவார். இயந்திரமே நாற்றுக்குப் பக்கத்தில் சேற்றுக்குள் இறக்கிவிடும், அதற்குப்பின் அறுவடை வரை மேலுரமே கிடையாது. யூரியா மணியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தோல். மண்ணின் சூடு ஏற ஏற உள்ளே இருப்பது கசியும். முதல் மாதம் அடங்கிக் கிடந்து, கதிர் உருவாகும் சமயத்தில் வேகமெடுக்கிற வகையும் உண்டு. ஆள் கிடைக்காத ஊருக்கு வரம்.

ஆனால் அந்தத் தோல் மக்காது. காலியான உருண்டைகள் வாய்க்கால் வழியாக ஆற்றுக்கும், கடற்கரைக்கும் போய்ச் சேர்கின்றன. அதனால் 2030-க்குள் பிளாஸ்டிக் பூசிய உரத்தை விட்டொழிப்பது என்று இங்கே கூட்டுறவு அமைப்பும் உர உற்பத்தியாளர்களும் 2022-ல் அறிவித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அதற்குப்பின் என்ன செய்வது என்று இப்போதே புலம்புகிறார். நம் ஊரில் ஆராய்ச்சிக்கு இறங்குபவர்கள் மக்கும் பூச்சையோ, அந்த எலும்புத் தாது மாதிரி மண்ணோடு சேர்ந்துவிடுகிற பொருளையோ எடுப்பது நல்லது.

---

கணக்கப்பிள்ளை எழுதியது:

இங்கே கடையில் கேட்கக்கூடியது 'யூரியா கோல்டு'. கந்தகம் பூசிய யூரியா, 2023-ல் வந்தது. தழைச்சத்து 37 சதவீதம், கந்தகம் 17. மூட்டை 40 கிலோ, விலை அதே 266.50. அதாவது மூட்டைக்கு 14.8 கிலோ தழைச்சத்துதான். சாதா மூட்டையைவிட 6 கிலோ குறைவு. மெதுவாகக் கரைவதில் அந்த ஆறு கிலோவை மிச்சப்படுத்தினால்தான் கணக்கு நேராகும். கந்தகம் குறைந்த மண், அதிலும் கடலை, எள் போடுபவருக்கு லாபம். டெல்டா நெல்லுக்கு? மண்ணைச் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

---

குழிநடவு எழுதியது:

பூச்சு, பாட்டில் எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று வங்கதேசத்தில் நடக்கிறது. யூரியாவை அழுத்திப் பெரிய உருண்டையாக்கி, நாலு நாற்றுக் குத்துக்கு நடுவில் ஒன்று, ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் சேற்றுக்குள் புதைப்பார்கள். அங்கே அதன் பெயர் 'குட்டி' யூரியா, அவர்கள் மொழியில் உருண்டை என்று பொருள். போரோ என்கிற குளிர்காலப் பாசனப் பருவத்துக்கு 2.7 கிராம், மற்றதற்கு 1.8 கிராம் உருண்டை. ஒரே தடவை. மாணவி சொன்ன இரண்டு ஓட்டையும் இதில் அடைபடும். வயல்நீரில் யூரியா இல்லை, அதனால் காற்றுக்குப் போவது இல்லை. பிராணவாயு உள்ள மேல்தோலிலும் இல்லை, அதனால் நைட்ரேட்டாவது குறைவு. மூன்றில் ஒரு பங்கு யூரியா மிச்சம், விளைச்சலும் கூடும்.

சிக்கல் என்னவென்றால் ஏக்கருக்கு 25,000 உருண்டை. குனிந்து புதைக்க வேண்டும்.

---

வேலிக்காரர் எழுதியது:

25,000 தடவை குனிய ஆள் கிடைத்தால் நான் அவர்களைக் களை எடுக்கச் சொல்லிவிடுவேன்.

---

குழிநடவு எழுதியது:

நியாயம்தான் ஐயா. தள்ளு கருவி உண்டு, ஆனால் வரிசை நடவு வேண்டும். நம் பக்கம் இயந்திர நடவு பரவுவதால் சொன்னேன். விதைப்பு வயலுக்கு உதவாது.

---

வன்னிக் கமக்காரன் எழுதியது:

எங்கள் பக்கம் முழுக்க விதைப்புத்தான், அதனால் எனக்கு இது இல்லை. தங்கச்சியிடம் ஒரு கேள்வி. அந்த 12 மடங்கு மெதுவாகக் கரைகிறது என்றீர்களே, சாதா யூரியா ஐந்து நிமிடத்தில் கரையும் என்றால் 12 மடங்கு என்பது ஒரு மணித்தியாலம் அல்லவா? பயிர் மூன்றரை, நாலு மாதம் நிற்கிறதே?

---

மண்ணியல் மாணவி எழுதியது:

அண்ணா, இந்த இழையிலேயே கூர்மையான கேள்வி இது. ஆய்வகத்தில் தண்ணீரில் அளந்தது கிட்டத்தட்ட அப்படித்தான்: சாதா யூரியா 320 விநாடி, பிணைத்த யூரியா 3,820 விநாடி. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பயிரின் பசிக்கு இது போதாது.

பிறகு வயலில் பாதி அளவு எப்படிப் போதுமானது? என் ஊகம், ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கலக்கும் தண்ணீர் வேறு, சேறு வேறு. தாதுத் துகளோடு மண்ணில் சிக்கிக் கிடக்கும் யூரியா இன்னும் மெதுவாக வெளிவரலாம். அந்தத் தாதுவே மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சுண்ணாம்புச்சத்தும் தரும், அதன் பங்கும் இருக்கலாம். அல்லது பாபு சார் வயலில் நடந்தது போல, முழு அளவே தேவைக்கு மேல் இருந்திருக்கலாம். பல மண்ணில், பல போகத்தில் பார்க்காமல் இதைப் பிரிக்க முடியாது. அந்த ஆய்வை நான் மதிக்கிறேன், பாட்டில்காரர்களைவிட சரியான ஓட்டையைக் குறிவைத்தவர்கள் அவர்கள். ஆனால் 'பாதி யூரியா போதும்' என்ற தலைப்பை எந்த நானோவிடமிருந்து கேட்டாலும் மூன்றாவது பாத்தி எங்கே என்று கேளுங்கள்.

தாளடித்தம்பி, அப்பாவோடு சண்டை வராமல் இருக்க இலை வண்ண அட்டை வாங்குங்கள். இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்க, எண் போட்ட பச்சைப் பட்டைகள் உள்ள அட்டை அது. நட்ட பதினான்காம் நாளிலிருந்து வாரம் ஒரு தடவை, காலை எட்டு பத்து மணிக்குள், நன்றாக விரிந்த மேல் இலையைப் பத்து குத்தில் பாருங்கள். வெயில் இலைமேல் படாமல் உங்கள் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். பொன்னிக்கு 3-க்குக் கீழே பத்தில் ஆறு இருந்தால் மட்டும் யூரியா, ஏக்கருக்கு 26 கிலோ. இல்லாவிட்டால் அந்த வாரம் வேண்டாம். 'குறைக்கச் சொன்னது நான் இல்லை, அட்டை' என்று சொல்லிக்கொள்ளலாம்.

---

தாளடித்தம்பி எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். எட்டு மா அப்பா, நான் இருவரும் ஒத்துக்கொண்ட இரண்டு மூட்டைக் கணக்கு. மேட்டுக் கொல்லையில் ஒரு மாவை மட்டும் நாலாக வரப்பு கட்டிப் பிரிக்கிறேன்.

அ: அப்பா வழக்கம்.
ஆ: அட்டை சொல்லும்போது மட்டும் யூரியா.
இ: அதே யூரியா, கூடவே பாட்டில்.
ஈ: அதே யூரியா, புண்ணாக்கும் ஜிப்சமும் கலந்து, ஐயா சொன்ன 5, 4, 1.

அம்மா "வயலா, கோலமா?" என்கிறார்.

---

வேலிக்காரர் எழுதியது:

வரப்பை அகலமாகப் போடு. நண்டு வளை ஒன்று போதும், உன் நாலும் ஒன்றாகிவிடும். யூரியா போடுகிற அன்றைக்குத் தண்ணீரை வடித்துவிட்டு, சேற்றில் வீசி, மறுநாள் கட்டு. அதைச் செய்தாலே கால்வாசி மிச்சம்.

---

தாளடித்தம்பி எழுதியது (தை கடைசியில்):

அறுத்தாயிற்று. சொன்னபடி வந்து எழுதுகிறேன்.

முதலில் கெட்ட செய்தி. ஐயா சாபமோ என்னவோ, கார்த்திகை மழையில் இ-க்கும் ஈ-க்கும் நடுவே வரப்பு உடைந்தது. நான் பார்ப்பதற்குள் ஒரு ராத்திரி இரண்டும் ஒரே குளம். அப்போது ஈ-யில் கலவை உரம் போட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஆகவே புண்ணாக்குக் கலவையைப் பற்றி இந்த வருடம் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. இ-யையும் முழுசாக நம்ப முடியாது.

அ முதலில் சாய்ந்தது. மற்ற மூன்றும் நின்றன. அட்டை இரண்டே தடவைதான் யூரியா கேட்டது. மூன்றாவது தடவை நான் போடலாமா என்று கை அரித்தபோது அட்டையில் இலை 3-க்கு மேலேயே இருந்தது, விட்டுவிட்டேன். ஆ, இ இரண்டையும் தனியாகக் கையால் அறுத்து அடித்தோம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கொஞ்சம் இருந்தாலும் சாக்கின் ஈரத்தில் போகிற அளவுதான். அ-வில் சாய்ந்ததைப் பொறுக்கி எடுத்ததற்குக் கூலி தனி.

---

பட்டுக்கோட்டை பாபு எழுதியது:

நானும் ஒரு பாத்தியில் பாட்டில் இல்லாமல் விட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

---

வன்னிக் கமக்காரன் எழுதியது:

தம்பி, அந்த இலை வண்ண அட்டை விதைப்பு வயலுக்கும் சரிவருமா? எந்த நாளில் இருந்து பார்க்க வேண்டும்?

---

மண்ணியல் மாணவி எழுதியது:

சரிவரும் அண்ணா. விதைத்த 21-ஆம் நாளிலிருந்து தொடங்குங்கள். உங்கள் ரகத்துக்கு எந்த எண் என்று மட்டும் அங்கே விவசாயத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், பொன்னியின் 3 உங்கள் நெல்லுக்குப் பொருந்தாமல் போகலாம்.

---

தாளடித்தம்பி எழுதியது:

கடைசியாக ஒன்று. குறுவைக்கு உரம் வாங்க நேற்று அப்பாவே சைக்கிளில் கடைக்குப் போனார். மூன்று மூட்டை எடுக்கிற இடத்தில் இரண்டுதான் எடுத்து வந்திருக்கிறார், காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கூடவே இரண்டு பாட்டில். பரணில் ஏற்கெனவே மூன்றரை இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா?